செரிமானம்

சாப்பாட்டு இடைவேளையில் ஜெபா வழக்கம்போல நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டையை நீட்டினாள். அருணா வேண்டாமென்று தலையாட்டினாள்.

“இப்பல்லாம் எனக்கு எரியறதே இல்லக்கா.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் இருவரும் ஒரே மேசையில் நின்று, பாகத்தின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள். ஷிப்டு மாறி மாறி வந்ததில் இருவர் வயிறும் சேர்ந்தே கெட்டிருந்தது. புளித்த ஏப்பம், உப்புசம், காலையில் கக்கூஸில் உட்கார்ந்து படுகிற அவஸ்தை என்று எதையும் கம்பெனி பஸ்ஸில் கூச்சமில்லாமல் பேசிச் சிரித்திருக்கிறார்கள். ஒரு அட்டையை இருவருமாகத் தின்று தீர்ப்பார்கள். ஜெபாவுக்கு அதுவும் ஒரு சொந்தம் மாதிரி இருந்தது.

அருணா போனைப் பார்த்து வீட்டிலேயே யோகா செய்யத் தொடங்கியிருந்தாள். காலையில் வெந்நீர், கொஞ்ச நேரம் ஆசனம், அப்புறம் கம்பங்கூழ். மதியத்துக்குச் சுரைக்காய்க் கூட்டோ கீரையோ. முன்பெல்லாம் சைரன் ஊதுவதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவள், இப்போது ஒவ்வொரு வாயையும் மென்று முழுங்கினாள். முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. எதிரே உட்கார்ந்து ஜெபா அந்த மெல்லுகிற தாடையையே பார்த்தாள். நகையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், புடவையைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஒருத்தியின் வயிற்றைப் பார்த்துப் பொறாமைப்படுவதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவளும் முயன்று பார்க்காமல் இல்லை. மீஞ்சூரில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. அவள் கணவன் பீட்டருக்கு வள்ளூர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, எப்போதும் நைட் ஷிப்டு. லீவு நாளில், தூங்குகிறவனின் கால்மாட்டில் போர்வையை விரித்து, முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைத்தாள். சத்தமாகக் காற்றுப் பிரிந்தது. பீட்டர் புரண்டு படுத்து, “இன்னா பேஜாரு இது, மனுசன் தூங்க வாணாமா,” என்றான். அதோடு போர்வையை மடித்து வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் நெத்திலிக் கருவாடு வாங்கினாள். கருவாட்டுக் குழம்பு என்றால் அருணா உயிரை விடுவாள். மறுநாள் விடியுமுன் எழுந்து குழம்பு வைத்தாள். மிளகாய்த்தூளை வழக்கம்போலப் போட்டாள். பிறகு ஒரு நிமிடம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.

“ஐயோக்கா, இதுக்குத்தான் நாக்கு ஏங்கிக்கினு இருந்துச்சு,” என்று அருணா டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வரச் சாப்பிட்டாள். மீதியை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டாள். இரவு எரியட்டும் என்று ஜெபா நினைத்தாள். ஒரே ஒரு ராத்திரி எரிந்தால் போதும்.

அடுத்த நாள் அருணா வேலைக்கு வரவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்ததைப் பார்த்ததும் ஜெபாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மதியம் வரைக்கும் அது தாங்கியது. கூப்பிட்டுப் பார்த்தாள்; போன் அடித்துக்கொண்டே இருந்தது, அருணா எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளோ என்று தோன்றியபின் கையிலிருந்த பாகத்தில் பிசிறு எது, கோடு எது என்றே தெரியவில்லை. ஷிப்டு முடிந்து திரும்பும்போது அருணாவின் ஊரான கவரப்பேட்டையிலேயே இறங்கிவிட்டாள்.

அருணா வாசலில் கோலம் அழியாமல் தாண்டி வந்து கையைப் பிடித்தாள். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

“வாக்கா. போன் உள்ள கெடக்குது, பாக்கவே இல்ல. எனக்கொண்ணும் இல்ல, இவருக்குத்தான் வயிறு போயிடுச்சு. மீதிக் கொழம்ப இவருக்காக எடுத்தாந்தேன்.”

உள்ளே பாயில் அருணாவின் கணவன் சரவணகுமார் சுருண்டு கிடந்தான். மூன்று ஏக்கர் நெல் வைத்திருக்கிறவன், கட்டுமஸ்தான ஆள். ஜெபாவைப் பார்த்து எழப் பார்த்தான்.

“நல்லா இருந்துச்சுக்கா. அதான் ரெண்டு தபா போட்டுக்கினேன்,” என்று பலவீனமாகச் சிரித்தான்.

“கொஞ்சம் காரம் தூக்கல், இல்ல?” என்றாள் அருணா.

“கை தவறிடுச்சு,” என்றாள் ஜெபா.

அருணா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்து, கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள். அவன் ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தான். “மென்னு முழுங்கு,” என்று அவள் அதட்ட, “கஞ்சிய எப்டிடி மெல்றது?” என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். மூலையில் இரண்டு யோகா விரிப்புகள் சுருட்டிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜெபாவுக்கு இத்தனை நாளாக ஒன்று என்றுதான் நினைப்பு. வயிறு எரிந்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எரிச்சலாகக்கூட இருக்கலாம்.

அருணா விடவில்லை. ரசம் சாதம் போட்டு, சாப்பிட்டு முடித்ததும் வஜ்ராசனத்தில் உட்கார வைத்தாள். “சாப்ட்ட பின்ன இத மட்டும் செஞ்சிக்கோக்கா. முட்டிபோட்டு குதிகால் மேல குந்து. முதுவ நேரா வையி.” அவள் கை ஜெபாவின் முதுகைத் தடவி நிமிர்த்தியது. அந்தக் கை படப்பட ஜெபாவுக்குக் கூசியது.

மீஞ்சூர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பீட்டர் சாப்பிட்டுவிட்டு வெளிக் குழாயில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிளம்புகிற நேரம். ஜெபா நேராக உள்ளே போனாள். நின்றபடியே சட்டியிலிருந்த சோற்றில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மென்றாள். பிறகு வெறும் தரையில் முட்டிபோட்டு, குதிகால்மேல் உட்கார்ந்து, கையைத் தொடைமேல் வைத்துக் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் கஞ்சிக் கிண்ணம் வந்தது, அந்தச் சிரிப்பு வந்தது.

பீட்டரின் செருப்புச் சத்தம் வாசலில் நின்றது. அவள் கண்ணை ஒரு இழை திறந்து பார்த்தாள். அவன் போட்டிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றிருந்தான். அவள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துவிட்டான். வேலைக்கு நேரமாகியும், அவள் ஆமென் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

ஜெபா கண்ணை மூடிக்கொண்டாள். கால் மரத்துக்கொண்டு வந்தது. அவள் அசையவில்லை.