ஆறு வருடப் படிப்பு

மெர்சி கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும். எனக்கு நாத்தனார் என்பதால் நான் மட்டும் சொல்வதில்லை. விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கிறாள். புதிதாகத் திறந்த எலும்பு ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பயோடேட்டா அடிக்க அவளிடம்தான் ஓடினேன்.

அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. செராமிக் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற ரீட்டா நான், வெள்ளைக் கோட்டுப் போடப்போகிறேன்.

“பயிற்சி ரெண்டு தடவ எடுத்தேன். ரெண்டையும் போடு மெர்சி.”

“ஃபெயிலானத யாராவது போடுவாங்களா அண்ணி? பாஸானது மட்டும் போதும்.”

“முதல் தடவையும் ஆறு மாசம் வார்டுல நின்னேன். அது எங்க போவும்? ரெண்டாயிரத்து ஒண்ணும் வரணும், ஏழும் வரணும்.”

“சரி சரி, போடறேன். கரண்ட்டு போற நேரம், பேசாம இருங்க.”

பிரிண்ட் வந்த கையோடு கரண்ட் போய்விட்டது. இருட்டில் கவரில் போட்டுக் கொடுத்தாள். நானும் சந்தோஷத்தில் பிரித்துப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் பிரித்தேன். ‘நர்சிங் உதவியாளர் பயிற்சி: 2001 – 2007’ என்று ஒரே வரி. இரண்டு வருடமும் வந்துவிட்டது, நடுவில் ஒரு கோட்டோடு. ஒரு வருடப் படிப்பை நான் ஆறு வருடம் படித்திருக்கிறேன். மெர்சியை அங்கேயே நாலு வாங்கு வாங்கியிருப்பேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஆள் எடுக்க உட்கார்ந்திருந்த பூர்ணிமா டாக்டர், என் தாளைப் படித்துக்கொண்டே அந்த வரியில் வந்து நின்றார்.

“நான் டாக்டருக்குப் படிச்சதே அஞ்சரை வருசம். நீங்க ஆறு வருசம் படிச்சிருக்கீங்க?”

டைப்பிங் தப்பு, 2007 மட்டும்தான் என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பொய் சொன்னால் என் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும், சின்ன வயதிலிருந்தே அந்த வியாதி. அதோடு, அந்த முதல் தடவையை நான் மறைக்க விரும்பவே இல்லை.

“ரெண்டு தடவ படிச்சேன் டாக்டர். மொத தடவ பரிச்சையில சாத்துக்குடியில ஊசி போடச் சொன்னாங்க. கை நடுங்கி ஊசி வளைஞ்சிடுச்சி. ஃபெயிலு. அப்புறம் அஞ்சு வருசம் செராமிக் கம்பெனி. போன வருசம் மறுபடியும் சேந்து பாஸ் பண்ணிட்டேன்.”

“இப்ப கை நடுங்காதா?”

“இப்பவும் செராமிக்ல ஒரு நாளைக்கு நானூறு கப்புக்குக் கைப்பிடி ஒட்டறேன் டாக்டர். பச்சை மண்ணு. கை நடுங்கினா கப்பு கோணிக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“இதுலயே திருத்தி எழுதுங்க.”

அந்த வரியை அடித்தேன். மேலும் கீழும் இருந்த இடுக்கில் எழுதினேன்: 2001, தேறவில்லை. 2002 முதல் 2006 வரை செராமிக். 2007, மறுபடி படித்துத் தேறினேன். டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தை அல்ல, என் விரல்களை. மாதா சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு புள்ளிகூடத் தடுமாறவில்லை.

“திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க,” என்றார்.

படியிறங்கி எதிரிலிருந்த ஒரு ரூபாய் போனுக்கு ஓடினேன். மெர்சிக்கென்று பெஞ்சிலேயே யோசித்து வைத்த வசவெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. நம்பரை அழுத்த முடியவில்லை. இப்போதுதான் கை அப்படி நடுங்கியது. மூன்றாவது தடவையில்தான் சரியான நம்பர் விழுந்தது.

“யாரு?” என்றாள் மெர்சி.

“ஆறு வருசம் படிச்சவ பேசறேன்டி,” என்றேன்.