பெறாமகன் என்ற வரி

“அந்தப் பெறாமகன்ர விஷயத்தை மட்டும் விட்டிட்டு வாசியுங்கோ, தங்கச்சி” என்றார் குகதாசன், தேத்தண்ணிக்குச் சீனி குறைக்கச் சொல்வதைப்போல.

லண்டன் அப்டன் பார்க் சந்தையடியில் அவருடைய கடைக்கு மேலிருந்த அறையில் மாதமொருமுறை வாசகர் வட்டம் கூடும். இன்றைக்கு அருமைநாயகியின் முறை. ஆஸ்பத்திரி லோன்றியில் துணி வெளுக்கும் வேலை முடிந்து வீடு திரும்பும் பஸ்ஸில் இருந்தபடி ஐந்து மாதமாகத் தமிழாக்கியிருந்தாள், தென்சீன மலைகளில் சுவாங் விவசாயிகளைத் திரட்டிய வெய் பாச்சுன் என்பவரின் வாழ்க்கை வரலாற்றை. வசதியான வீட்டில் பிறந்தும் சொத்தை விற்றுக் குடியானவர்களோடு நின்ற மனிதர். சனங்கள் ‘பா அண்ணை’ என்றே அவரைக் கூப்பிட்டார்கள் என்ற இடத்தை எழுதிய அன்று, இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டாள். மன்னாரில் வயற்கூலிகளுக்குச் சங்கம் கட்டிய அவளுடைய அண்ணன் எட்வேட்டையும் சின்னன் பெரிசெல்லாம் அண்ணை என்றுதான் கூப்பிட்டது.

“ஏன் விடவேணும்?”

“அவரை எதிரி கொன்றிட்டான் எண்டாக் காணுமே. எல்லாத்தையும் கிண்டினா சனம் வேற மாதிரி விளங்கும்.”

அவள் தாள்களை அடுக்கினாள். எண்பத்தாறில் ஒரு மத்தியானம் எட்வேட் சோற்றில் கை வைத்த நேரம், வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தியவர் இதே குகதாசன். அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். “ஒருக்கா வந்திட்டுப் போங்கோ தோழர், இயக்கப் பொறுப்பாளர் கதைக்கவேணுமாம்.” கையைக் கழுவிக்கொண்டு போன எட்வேட்டை மூன்றாம் நாள் மதகடியில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். கூலிச் சங்கம் இயக்கத்துக்கு இடைஞ்சல் என்று பிறகு காரணம் சொன்னார்கள். லண்டனில் குகதாசனைக் கண்டபோது, “அவரைக் கூட்டிவரத்தான் எனக்குச் சொன்னவை” என்று அழுதார். அதற்குப் பிறகும் பதினொரு வருடம் அவர் விரித்த கதிரையில் இருந்திருக்கிறாள், புத்தகம் கதைக்க வேறு இடமில்லை என்று. குகதாசனைவிடத் தன்மேல்தான் இப்போது அவளுக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

இருபது பேர் வந்திருந்தார்கள். அவள் நின்றபடி வாசித்தாள். மலைகள், பட்டினி, சுற்றிவளைப்பு. பிறகு குரலை உயர்த்தினாள்: “காய்ச்சலோடு குகைக்குள் படுத்திருந்தவரை, நித்திரையில் வைத்து, அவருடைய சொந்தப் பெறாமகனே, மகன் முறையானவனே, சுட்டான்.”

குகதாசன் எழும்பினார். “நேரம் போகுது. மிச்சத்தைச் சுருக்கி...”

“இருங்கோ.”

“தங்கச்சி, நான் முதலே சொன்னனான்...”

“தங்கச்சி எண்டு கூப்பிடாத!” அவள் அவர் பக்கம் திரும்பினாள். “எங்கட வீட்டுச் சோத்தைத் திண்டிட்டு, எங்கட அண்ணையைச் சோத்துக் கோப்பையிலயிருந்து எழுப்பிக்கொண்டு போனனி. இந்த வரியையும் எழுப்பிக்கொண்டு போகப் பாக்கிறியோ?”

முன்வரிசையிலிருந்த குருமூர்த்தி மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். தக்ஷிகா என்ற இளம்பெண் மட்டும், “வாசியுங்கோ அன்ரி” என்றாள், மெல்ல. வெய் பாச்சுனின் தலையை எதிரிகள் வெட்டி ஊர்ஊராகக் காட்சிக்கு வைத்ததையும், தலையில்லாத உடலைச் சனங்கள் களவாகப் புதைத்துக் காத்ததையும், ஒரு சொல் விடாமல் வாசித்து முடித்தாள். கைதட்டல் இல்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்தபோதுதான் மழை உறைத்தது.

“அருமை...”

பின்னால் குகதாசன், அவள் மேலே மறந்துவிட்ட மழைக்கோட்டை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி நின்றார். எழுபதை நெருங்கிய வழுக்கைத் தலையில் மழை விழுந்து வழிந்தது. அவர் கிட்ட வரவில்லை. அவள் கை நீட்டவில்லை. சந்தைச் சனம் குடைகளோடு இருவருக்கும் இடையால் போய்க்கொண்டிருந்தது. கோட்டின் ஒரு கை தொங்கி, நனைந்த நடைபாதையில் உரசியது.