திடீர்னு

மாமியார் ஆரோக்கியத்தின் விறைக்கத் தொடங்கிய விரல்களைப் பிரித்து ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் லின்சி. மாமியாரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஞானாம்பாள் வருகிறவர்களிடமெல்லாம் அதே பல்லவியைப் பாடினாள்.

"கொடுத்து வச்ச மகராசி. கெடையில விழல, ஒருத்தருக்கும் பாரமில்ல. திடீர்னு போய்ட்டாங்க. நல்ல சாவு."

லின்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவமன்னிப்புக்கு நேரம் தராத சடுதி மரணம் மட்டும் வேண்டாம் என்று தினமும் அந்திக்கு மண்டியிட்டு ஜெபித்தவள் ஆரோக்கியம். அவளுக்குப் போய் இது நல்ல சாவாம்!

திடீரென்றும் இல்லை. காலை ஆறு மணிக்கே நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறாள். வாயு என்று முதலில் சுக்குக் கஷாயம், அப்புறம் சோடா. பத்து நாளாய்க் காத்திருந்த அறுப்பு மெஷின் அன்றைக்குத்தான் வயலில் இறங்கியிருந்தது, வானமும் கறுத்திருந்தது. வரப்பில் நின்று மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் பதினொரு மணிக்குச் சாய்ந்துவிட்டாள். திருவாரூரில் இருதய வார்டில் நர்ஸாக இருக்கும் மருமகளுக்கு ஒரு போன் இல்லை.

மாமியார் மெச்சிய மருமகளில்லை என்பார்கள். இந்த மாமியார் மெச்சியதோடு நிற்கவில்லை. கைக்குழந்தையைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படி புள்ள" என்று மருமகளை நர்ஸிங்குக்கு அனுப்பினாள்.

மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் வேதியர் உள்ளே வந்து லின்சியின் கணவன் ரெஜினிடம் கேட்டார். "மைக்குல அறிவிக்கணும் தம்பி. என்னன்னு சொல்ல?"

"திடீர் மாரடைப்புன்னு சொல்லுங்க" என்றான் ரெஜின்.

லின்சி எழுந்துவிட்டாள்.

"திடீர்னு இல்ல. அஞ்சு மணி நேரம். வலிக்குது வலிக்குதுன்னு சொன்னவங்களுக்கு சோடா ஒடச்சுக் குடுத்திருக்கீங்க. அதையும் மைக்குல சொல்லச் சொல்லுங்க."

ரெஜின் தலையைத் தூக்கவில்லை. "அம்மாதான் போன் பண்ணாதன்னுச்சு. 'லின்சி டூட்டிய போட்டுட்டு ஓடி வந்துடும்டா'ன்னு."

"ஓடி வரத்தானே படிக்க வச்சாங்க!"

ஒப்பாரி நின்றுபோனது. வேதியர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கொல்லைப்பக்கம் போய் முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டாள். பின்னாலேயே யாரோ வந்து நிற்பது தெரிந்தது. ஞானாம்பாள்.

"என்ன? நல்ல சாவுன்னு எங்கிட்டயும் சொல்லணுமா?"

ஞானாம்பாள் தன் இடது தோளைப் பிடித்திருந்தாள். நெற்றியில் வேர்வை. "காலைலேர்ந்து இந்தக் கை இழுக்குதும்மா. வாயுன்னு இருந்துட்டேன். நீ சொன்னதக் கேட்டதும் பயமா இருக்கு. சாவு வீட்ல எப்படிச் சொல்றதுன்னு..."

"உக்காருங்க மொதல்ல" என்று அதட்டி, ஈரக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள் லின்சி. கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே வீட்டுப்பக்கம் கத்தினாள்.

"என்னங்க, வண்டிய எடுங்க!"

ரெஜின் ஏன் என்று கேட்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினான்.