வாயில் வைத்த பெயர்

நம் குத்தியர் சனம் மலையிலிருந்து அதாபு நகரத்துக்கு இறங்கி வந்த பிறகு, அடுத்தடுத்து மூன்று ராஜாக்கள் தங்கள் பெயர் திரும்பக் கிடைக்காமல், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்லி வயலில் போய் நின்றுவிட்டார்கள். கூப்பிடப் பெயர் இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை. அறுவடைக்கு வந்தவர்கள் அவர்களைச் சுற்றி அறுத்துக்கொண்டு போனார்கள்.

நமக்கு ராஜாவே கிடையாது, இருப்பது நாய் புத்தி என்று நகரத்து எழுத்தர்கள் களிமண்ணில் எழுதித் தள்ளுகிறார்கள். எழுதட்டும், கை ஓயும்வரை எழுதட்டும். விஷயம் இவ்வளவுதான்: குத்தியரில் ஒருவன் ராஜா ஆனால், பெயரைக் கழற்றிப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். பெயரோடு ஆளுகிறவன் எல்லாவற்றையும் தன்னுடையது என்பான், அதற்காக. அவள் அதை நாக்குக்கு அடியில் வைத்துக் காப்பாள். எந்த மனுஷக் காதிலும் விழக் கூடாது. மூன்றாம் முறை ஆட்டு ரோமம் கத்தரிக்கும் நாளில் சபை நடுவில் நின்று கூப்பிடுவாள். அவன் "என்னடி" என்று திரும்பி, ஆசனத்தை விட்டு இறங்கி அவளோடு வீட்டுக்குப் போவான். மலையில் இருந்தவரை இதில் ஒரு பிசகும் வந்ததில்லை. சமவெளித் தண்ணீர்தான் குடியைக் கெடுத்தது. வாய்க்கால் என்றால் தூர்வார வேண்டும் என்பது நம்மவர்களுக்கு எங்கே தெரியும்? தண்ணீருக்குத் தன் வழி தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அது தேங்கி, உப்பேறி, குடித்தவள் நாக்கடியில் இருந்த பெயரைக் கரைத்துவிட்டது. மூன்று பெண்டாட்டிகளும் சபையில் வாயைத் திறந்து, "ஏங்க... இங்க பாருங்க..." என்றுதான் கதறினார்கள். ஒருத்தனும் திரும்பவில்லை.

நாலாவதாக இகெஷாவின் புருஷனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆடு மேய்த்தவன், மழைக்கு முந்தின நாள் இடது முழங்கால் பிடித்துக்கொள்ளும், பெண்டாட்டியின் பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம் வரும். யார்லபத் என்ற தன் பெயரை அவள் வாய்க்குள் சொல்லிவிட்டு, "தொலச்சிடாதடி" என்றான்.

"போய்யா, உன்னையே இத்தனை வருஷம் கட்டி மேய்ச்சிருக்கேன், உன் பேரை மேய்க்க மாட்டனா?" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த ஆளை வயலுக்குக் கொடுத்துவிட்டு அவளால் உயிரோடு இருக்க முடியாது.

அன்றிலிருந்து வாய்க்கால் தண்ணீரை அவள் தொடவில்லை. பக்கத்து வீட்டில் பீர் விற்ற கெமே என்ற நகரத்துக்காரியிடம் வாங்கித்தான் தாகம் தீர்த்தாள். பீரும் அதே வாய்க்கால் தண்ணீரில் காய்ச்சியதுதான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. முதல் கத்தரிப்பு முடிந்த ஒரு காலையில், நாக்கடியில் தேடினால் "யார்ல" என்பது மட்டும்தான் இருந்தது. மீதி அகப்படுவதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. கெமேயிடம் ஓடினாள்.

"எங்கிட்ட சொல்லி வையேன், நான் ஞாபகம் வச்சுக்கறேன்."

"மனுஷக் காதுல விழக் கூடாதுக்கா."

"அப்ப உன் நாய்கிட்ட சொல்லி வை, போ!" என்று கெமே விழுந்து விழுந்து சிரித்தாள்.

குத்தியர் பெண்ணிடம் விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாய்க் காது மனுஷக் காது இல்லையே, வழக்கத்தில் குற்றமில்லையே என்று இகெஷா கணக்குப் பார்த்தாள். நம் சனம் நாய்க்குப் பெயர் வைப்பதில்லை. பட்டியில் கிடந்த மஞ்சள் நாயின் காதில் தினமும் விடியலில் அந்தப் பெயரை ஓதினாள். அது மறக்கவே மறக்காது.

இரண்டாம் கத்தரிப்புக்குள் நாய் மழைக்கு முன்னால் இடது காலை இழுத்து நடந்தது. எலும்பைத் தள்ளிவிட்டு ரொட்டி கேட்டது. படுக்கும்போது அவள் பின்னலைப் பல் படாமல் வாயில் கவ்விக்கொண்டது. அங்கே ஆசனத்தில் ராஜா வழக்கு கேட்டபடி காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார் என்று சொன்னார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெயர் பத்திரமாக இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நாள் வந்தது. சபை கூடியது. இகெஷா ஒரு எழுத்தும் சிந்தாமல், தொண்டை கிழிய, "யார்லபத்!" என்றாள். ராஜா அசையவில்லை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே மஞ்சள் நாய் நொண்டி நொண்டி வந்து அவள் முன்னால் நின்று முகத்தைத் தூக்கிப் பார்த்தது.

"ஐயோ, நீ இல்லடா! அவரைக் கூப்பிட்டேன், அவரை!"

ஆசனத்துக்கு ஓடி, புருஷன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "என்னைப் பாருய்யா. நான்தான்யா." அவன் அவள் உள்ளங்கையை மோந்து பார்த்தான்.

சபைத் தலைவருக்கு வெயில் தாங்கவில்லை. "கூப்பிட்டாளா? கூப்பிட்டா. வந்தாச்சா? வந்தாச்சு. அப்புறம் என்ன அழுகை? அடுத்த ஆளக் கொண்டு வாங்க" என்றார். அடுத்த ஆளின் பெண்டாட்டி அப்போது வாய்க்கால் கரையில் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

யார்லபத்தை இகெஷா வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டாள். வழக்கப்படி அதுதான் முறை. புருஷன் பின்னாலேயே வந்து வாசலில் சுருண்டு படுத்தான். கொஞ்ச நாள் அழுதாள், பிறகு அவனுக்கும் பசிக்குமே என்று ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, நாக்கைத் தட்டி "ச்சூ, ச்சூ" என்றாள். எங்கிருந்தாலும் ஓடி வந்தான். முந்தைய ராஜாக்களின் பெண்டாட்டிகள் மூன்று பேரும் வந்து இதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கூப்பிட்டா வராரேடி, நீ கொடுத்து வச்சவ" என்றார்கள்.

ஆமாம் என்றாள்.