றோசலினின் பிறந்தநாள் பிறிஸ்கட்

றோசலினின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு அவளுடைய அண்ணன் அருமைராசா வருவதாகச் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. நாலு வருடமாக அந்த மனிதர் அவள் வீடு இருக்கும் லொங்குய்ய் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவருடைய மகள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்தில் ஆட்டிறைச்சிக் கறியை வாயில் வைத்த றோசலினின் கணவன் அருள்நேசன், ஊரே கேட்க, “மச்சான், இது ஆடா, கார் ரயரா?” என்று கேட்டுவிட்டான். கறியைச் சமைத்தது அருமைராசாவேதான். பாதி விருந்திலேயே அவர் முகம் கறுத்துப் போயிற்று. அதன்பிறகு தங்கைக்கு மட்டும் ரெலிபோன் வரும். அருள்நேசன் எடுத்தால் மறுமுனையில் வைத்துவிடுவார்.

இப்போது அவரே டொலார்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி வருகிறார்.

“வரட்டும். இறைச்சி எண்டால் என்னெண்டு காட்டுறன்,” என்றான் அருள்நேசன்.

றோசலின் கையெடுத்துக் கும்பிட்டாள். “கடவுளே, நீங்க ஒண்டும் காட்ட வேணாம். நான் கோழிக்கறி வைக்கிறன்.”

அவன் கேட்டால்தானே. கூட வேலை செய்த ஒருவன் வீடு மாறிப் போகும்போது விற்ற பெலெட் அடுப்பொன்று மூன்று வாரமாகப் பின்வளவில் நின்றது. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிமணிகளை அதன் பக்கத்துப் பெட்டியில் கொட்டிவிட வேண்டும். உள்ளே ஒரு திருகுத்தண்டு சுழன்று சுழன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புச் சட்டிக்குள் தள்ளும். சூட்டை மெசினே பார்த்துக்கொள்ளும். “நாங்க படுத்து நித்திரை கொள்ளலாம். அது சமைக்கும்,” என்று அவன் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

சனிக்கிழமை விடியுமுன் எழும்பி, பிறிஸ்கட் என்கிற, ஒரு சின்னப் பிள்ளை அளவு பாரமான மாட்டு நெஞ்சிறைச்சிக்கு மிளகும் உப்பும் பூசி, அதைத் தொட்டிலில் போடுவதுபோல அடுப்பில் வைத்தான். புகை அழகாக எழும்பியது. வேலிக்கு அப்பால் கதிர்காமத்தம்பி அண்ணை பல்துலக்கியபடி வந்து பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துச் சைவர். “தம்பி, வாசம் நல்லாத்தான் இருக்கு. என்னெண்டு மட்டும் சொல்லிப்போடாதை,” என்று உள்ளே போய் யன்னலைச் சாத்தினார்.

பிறகு இருவரும் ஜான்-டலோன் சந்தைக்குப் போனார்கள். கத்தரிக்காயும் சோளமும் வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பியபோது, காரை விட்டு இறங்கும்போதே றோசலினுக்கு ஏதோ குறைவதுபோல் பட்டது. புகை இல்லை.

அருள்நேசன் ஓடிப்போய் மூடியைத் திறந்தான். இறைச்சி வெளியே கறுத்து, உள்ளே அரைவேக்காட்டில், வெதுவெதுப்பாகக் கிடந்தது. பெலெட் பெட்டி நிறைந்தபடியே இருந்தது. மோட்டார் மட்டும் வயிற்றுவலிக்காரன்போல முனகியது.

“பெட்டி நிறைய இருக்கே, ஏன் நெருப்பு நூர்ந்தது?” என்றாள் றோசலின்.

அவன் கையை விட்டுக் கிண்டினான். அடியில் பெலெட் இல்லை, களி இருந்தது. பெலெட் பையைப் போன கிழமை முழுக்க மழை நனைக்கிற இடத்தில் வைத்தது அவன்தான். ஈரம் குடித்த மணிகள் ஊதி உடைந்து, திருகுத்தண்டைச் சுற்றி சீமெந்துபோல இறுகிவிட்டிருந்தன.

“இறைச்சியை உள்ளுக்குக் கொண்டு போறன். குசினியில இருக்கிற கரண்ட் அவணில வைப்பம்,” என்றாள்.

“அவணிலயா? ஊரெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறன்! அவணில வைச்சால் என்ர மானம் போயிடும். பேப்பரில சுத்தி மேசையில வை. பத்து நிமிசத்தில திருத்திப்போடுவன்.”

அவள் அலுமினியப் பேப்பரில் சுற்றினாள். மேசையைப் பார்த்தாள். யன்னலால், மெசினில் கழற்றிய ஆணிகளைப் புல்லுக்குள் தொலைத்துக்கொண்டிருந்த புருசனைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் அவணைத் திறந்து இறைச்சியை உள்ளே தள்ளினாள். பத்துப் பேருக்குப் பச்சை மாட்டைப் போட முடியாது.

அந்த நேரத்தில்தான் சொன்னதற்கு வெகு முன்னதாகவே அருமைராசா வந்து சேர்ந்தார். பின்வளவுக்குப் போனவர், புல்லில் குப்புறக் கிடந்து மெசினுக்குள் கையை விட்டிருந்த மைத்துனனைக் கண்டார். நாலு வருடம் காத்திருந்த நேரம் அது. மெல்ல இருமினார்.

“மச்சான், ஆட்டை ரயராக்கினது நான். நீ மாட்டைக் கல்லாக்கப் போறாய் போல.”

றோசலின் பின்வாசலுக்கு ஓடிவந்தாள். அருள்நேசன் தலையைத் தூக்கினான். முகம் முழுக்க மரத்தூள்.

“சரி மச்சான், சொல்லிப்போட்டீங்க. இப்ப அந்தக் குறடை எடுத்துத் தாறீங்களா?”

அருமைராசா குறடை எடுத்துக் கொடுத்தார். பிறகு வெள்ளைச் சேட்டின் கையை மடித்துவிட்டு அவரும் புல்லில் இறங்கினார்.

ஒருவர் பிடிக்க மற்றவர் இழுக்க, தண்டு வருவதாக இல்லை. ஒருவரை ஒருவர் திட்டினார்கள். வலப்பக்கம் திருப்பு என்றார் ஒருவர், இடப்பக்கம் என்றார் மற்றவர். கடைசியில் தண்டு படாரென்று கழன்று வர, இருவரும் சேர்ந்து பின்னால் விழுந்தார்கள். குழாயைச் சுரண்டி, தண்டை மாட்டி, நிலவறையில் இருந்த காய்ந்த பையைக் கொட்டினார்கள். ஓடுகிறதா என்று நெருப்பு மூட்டாமலே ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடியது. சந்தோசத்தில் இன்னொருமுறை பார்த்தார்கள். அதற்குள் நெருப்புச் சட்டி பெலெட்டால் நிறைந்து வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

மூட்டியதும் முதலில் மஞ்சள் புகை மண்டியது. பிறகு ‘டப்’ என்று மூடி துள்ளி விழுந்தது. அருமைராசாவின் இடப்பக்கப் புருவத்தில் பாதி காணாமல் போயிற்று. மூடியிருந்த யன்னலுக்குப் பின்னாலிருந்து கதிர்காமத்தம்பி அண்ணையின் “முருகா!” தெளிவாகக் கேட்டது.

புகை அடங்கியபோது இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நிற்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். றோசலினுக்குக் கோபிக்கவும் வரவில்லை.

சட்டியை ஒழுங்காகத் துப்புரவாக்கிய பிறகு மெசின் நல்ல பிள்ளையாக எரிந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது அருள்நேசன் இறைச்சியை எடுத்து வரச் சொன்னான். அவள் கொண்டு வந்தாள்.

“இன்னும் சுடுதே!” என்றான் வியந்து.

“பேப்பர் சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும்,” என்றாள் றோசலின்.

மெசினில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த பிறிஸ்கட் கத்தி பட்டதும் பஞ்சுபோல விலகியது. விருந்தாட்கள் வெட்டி வைத்த பாண் துண்டுகளை விட்டுவிட்டு இறைச்சியையே தின்றார்கள். “மெசின் பழுதாகியும் என்னமாதிரி வேகமாகச் சமைச்சது பாத்தீங்களா!” என்று அருள்நேசன் ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னான்.

தண்ணீர் எடுக்கக் குசினிக்கு வந்த அருமைராசா, களைப்பில், றோசலின் நிறுத்த மறந்திருந்த அவணின் கதவில் சாய்ந்து, “ஆ!” என்று துள்ளி விலகினார். கதவைத் தொட்டுப் பார்த்தார். திறந்து பார்த்தார். உள்ளே தட்டில் மாட்டுக் கொழுப்பு உருகிக் கிடந்தது. திரும்பி, பின்னால் வந்து நின்ற தங்கையைப் பார்த்தார்.

வெளியே அருள்நேசன், “எங்க மச்சான்? வந்து உண்மையைச் சொல்லுங்க, இறைச்சி எப்பிடி?” என்று கூப்பிட்டான். விருந்தாட்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

அருமைராசா பாதிப் புருவத்தை உயர்த்தினார். அவணை மெல்லச் சாத்தினார்.

“அந்த மெசின் எங்க வாங்கினது எண்டு சொல்லு,” என்றபடி வெளியே போனார். “எனக்கும் ஒண்டு வேணும்.”

றோசலின் அவணுக்குள்ளிருந்த தட்டை எடுத்து, சுடுதண்ணீர் விட்டு, மினுங்கும்வரை தேய்த்தாள்.