மேல்தட்டில் ஏற்றிய சர்வர்

விடிகாலை ஐந்து மணிக்குச் சர்வர் அறையில் பல் கிட்டிப்போகும் குளிர். விசிறி இரைச்சலில் பக்கத்து ஆளிடம் பேசவும் கத்த வேண்டும். நானும் பேட்டரி அண்ணனும் ஒயர்க்கார அக்காவும் முட்டி போட்டு, விரல் மரத்துப்போக, போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தோம். முந்தாநாள் சாய்ந்து விழுந்த, சர்வர்களை அடுக்கும் இரும்பு ரேக்கைத் தரையோடு பிணைக்கும் வேலை. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது: கனமான சர்வர் கீழ்த்தட்டில், இலேசானது மேலே. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. புது சர்வரின் விளக்குகள் கண்ணாடி வழியே விருந்தாளிகள் கண்ணில் பட வேண்டுமாம். நாற்பது கிலோவை மேல்தட்டில் ஏற்றினான் எங்களோடு வேலை செய்யும் நெட்டையன். பழுது பார்க்க அதை வெளியே இழுத்தபோது ரேக் மொத்தமும் அவன்மேல் சாய்ந்தது. வலது கை நசுங்கிவிட்டது.

ஆறு மணிக்கு முதலாளி ஒரு தாளோடு வந்தார்.

“படிச்சு நேரத்த வீணாக்காதீங்க. மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க.”

அக்கா படித்தாள். ‘பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து.’ நாங்கள் கையெழுத்திட்டால் நெட்டையனுக்கு வேலையும் போகும், கைக்கு வைத்தியமும் நின்றுபோகும்.

“கவனக்குறைவா? மேல வேணாம்னு அவன் தலப்பாடா அடிச்சுக்கிட்டானே சார்.”

“அப்புறம் எதுக்குத் தூக்குனான்?”

“தூக்கலன்னா வேற ஆள் பாத்துக்குறேன்னு சொன்னது யாரு?” பேட்டரி அண்ணன் ஸ்பேனரோடு எழுந்தார்.

“வாய் நீளுது. பத்து மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. அதுக்குள்ள அந்த சர்வர மேல ஏத்துங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்வரின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அக்கா மறுபக்கம், அண்ணன் பின்னால். மூச்சைப் பிடித்துத் தூக்கிக் கீழ்த்தட்டில் தள்ளினோம். பூட்டு விழுந்தது. இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை.

“கண்ணு அவிஞ்சுபோச்சா? மேல வைக்கச் சொன்னேன்!”

“இனிமே யார் மேலயும் விழாது சார்,” என்றேன்.

அக்கா அதே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். மேலே ஏற்றச் சொன்னது யார், வேண்டாம் என்றது யார், போல்ட்டு போட நேரம் தராதது யார். மூவரும் கையெழுத்திட்டோம்.

முதலாளி வாசல் காவலாளியைக் கூப்பிட்டார். “இதுங்கள வெளிய தள்ளு. இனி இந்த வாசல மிதிக்கக் கூடாது.”

காவலாளி எங்களோடு ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாதவர். சிடுமூஞ்சி என்றே அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். அவர் தாளை வாங்கி, உதடசைத்து முழுதும் படித்தார்.

“என்னய்யா படிக்கிற?”

“அந்த நெட்டையனத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனது நான்தான் சார். அது இதுல இல்ல.” அக்கா பக்கம் திரும்பினார். “பேனாவக் குடும்மா.”

முதலாளி கைபேசியோடு வெளியே விரைந்தார். வேறு ஆட்களை அழைக்கத்தான். எட்டு மணிக்கு அடுத்த ஷிப்ட்டில் எங்கள் கூட்டாளிகள் ஆறு பேர் வருவார்கள். தாளில் அவர்கள் கையெழுத்துக்கு இடம் விட்டுவிட்டு, யாரும் சர்வரை மேலே ஏற்றாதபடி நாங்கள் நால்வரும் ரேக்கை மறித்து நின்றோம்.