தறிக்கூடத்துப் பேச்சு

என் மகள் இலக்கியா பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று சொன்னவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்குப் புரிகிறதே! பசிக்கிறது என்றால் தெரிகிறது, வலிக்கிறது என்றால் தெரிகிறது. பெற்றவளுக்குப் புரிந்தால் போதாதா? வாயைத் திறக்காமல் முணுமுணுக்கிற இந்த ஊர்க்காரர்களைவிட என் பிள்ளை எவ்வளவோ தேவலை என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் இருப்பது சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊருக்குப் பக்கத்தில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் விசைத்தறி ஓட்டுகிறேன். தறிக்கூடத்தில் எல்லாத் தறியும் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி சிடுசிடுவென்று இருக்கிறார், எல்லாம் வாயசைவுதான். தொண்டையைக் கிழித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? என் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பிள்ளையை யாரிடம் விடுவது? தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டினேன். நடக்கப் பழகியதும் அங்கேயே நூல் சுற்றுகிற தார்க்குச்சியை உருட்டி விளையாடினாள். நாலு வயதும் முடிந்துவிட்டது.

அங்கன்வாடி டீச்சர்தான் விடாமல் நச்சரித்து எங்களைச் சேலத்துக்கு அனுப்பினாள். அங்கே பிள்ளையின் காதைச் சோதித்துப் பார்த்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் சின்னப் பெண், பொறுமைசாலி. “ஊட்டுல டிவியெல்லாம் நிறுத்திப்போட்டுப் பாப்பாவ எதுக்க உக்கார வைங்க. படத்தக் காட்டிச் சொல்லச் சொல்லுங்க. தப்பாச் சொன்னா திட்டாதீங்க. நீங்க சரியாச் சொல்லிக் காட்டுங்க. சரியாச் சொன்னா பாராட்டுங்க. ‘தாத்தா’ன்னு சொல்றாளா ‘காக்கா’ன்னு சொல்றாளான்னு நல்லாக் கேளுங்க, அதுதான் முக்கியம்” என்றாள்.

கேட்பதற்கு என்ன, கேட்டுக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். தறியிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு அவளை எதிரே உட்கார வைப்பேன். காக்கா படம், கத்திரிக்காய், குதிரை. அவள் வாயை அகலமாகத் திறந்து அழகாகச் சொல்லுவாள். “அப்படித்தான் சாமி! எங்கண்ணு!” என்று கட்டிக்கொள்வேன். சொல்லச் சொல்ல அவளுக்குக் குஷி. சோறு ஆக்கும்போதுகூட அடுப்படி வாசலில் நின்று கரண்டி, குக்கர் என்று வாயசைப்பாள். நான் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவேன். இந்த மாதிரி எந்தத் தாய் மெனக்கெடுவாள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த தடவை மேடம் முன்னால் பெருமையாக உட்கார்ந்தேன். காக்கா படத்தை நானே எடுத்துக் காட்டினேன். இலக்கியா என் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

“பாத்தீங்களா மேடம்! எப்படிச் சொல்றா!”

மேடம் என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சத்தமே வரலீங்களே அக்கா. வாய மட்டுந்தான் அசைக்கறா.”

“என்னுங்க சொல்றீங்க? நல்லாத்தான் சொன்னா!”

மேடம் ஒரு அட்டையை எடுத்துப் பிள்ளையின் வாயை மறைத்தாள். ஏதோ சொல்லச் சொன்னாள். அட்டைக்குப் பின்னால் இலக்கியாவின் கன்னம் அசைந்தது. “என்ன சொன்னான்னு சொல்லுங்க பாக்கலாம்” என்றாள் என்னிடம். குதிரை என்றேன். ஏதோ ஒன்று சொல்ல வேண்டுமே!

“இந்தத் தடவ சத்தமாவே ‘அம்மா’ன்னு கூப்பிட்டாளுங்க.”

மேடம் குத்திக்காட்டவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள். தறிச் சத்தத்தில் என் காது போய்விட்டது. நான் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளுகிறேன். பிள்ளை சத்தம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அதனால் அவள் சத்தத்தையே விட்டுவிட்டாள். எனக்குப் புரிகிற பேச்சைத்தான் பிள்ளை கற்றிருக்கிறாள். கொஞ்ச காலம் காது கேட்கிற ஒருவர் கூட இருந்து பயிற்சி கொடுக்கட்டும், நீங்களும் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“எனக்கொண்ணும் கேக்காம இல்லீங்க” என்று சீறிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். செவிடி என்று ஒருத்தி வாயில் வரட்டும், அப்புறம் இருக்கிறது என்று கறுவினேன். காதைச் சோதிக்க நான் போகவேயில்லை.

ஆனால் பிள்ளையை அனுப்பினேன். அனுப்பாமல் என்ன செய்வது? இப்படியே விட்டால் பள்ளிக்கூடத்தில் ஊமை என்றுதானே சொல்லுவார்கள். என் தம்பி தமிழரசு நாமக்கல்லில் முட்டை வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்க்கிறான். அவன் பெண்டாட்டி வெண்ணிலா கல்யாணத்துக்கு முன்னால் நர்சரி டீச்சராக இருந்தவள். அவர்கள் மகள் கனிஷ்காவுக்கும் இவள் வயதுதான். “பொங்கல் வரைக்கும் இருக்கட்டும், நான் பாத்துக்கறேங்க அண்ணி” என்றாள் வெண்ணிலா. பொங்கலுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் நான் அத்தனை மாதமும் தறி ஓட்டினேன். போன் வந்தால் எடுத்துப் பேசுவது என் வீட்டுக்காரர்தான். இவர் ஊரில் இல்லாவிட்டால் போன் அடித்து ஓய்ந்துவிடும்.

பொங்கலுக்கு நாங்கள் போனபோது வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இலக்கியா ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள். கனிஷ்காவோடு பேசினாள், பெரியவர்களோடு பேசினாள், எல்லோரும் சிரித்தார்கள், பதில் சொன்னார்கள். எல்லோருக்கும் புரிகிறது! என் வயிறு குளிர்ந்தது, சத்தியமாகக் குளிர்ந்தது. ஆனால் அவள் வாய் மற்றவர்கள் வாயைப் போலவே சின்னதாக, வேகமாக அசைந்தது. எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் என் எதிரே வந்து நின்று ஏதோ நீளமாகக் கேட்டாள். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் பெற்ற பிள்ளையிடம், என்ன கண்ணு சொன்ன என்று எப்படிக் கேட்பது? “சரி சாமி” என்றேன்.

அவள் துள்ளிக் குதித்தாள். கனிஷ்கா கைதட்டினாள். வெண்ணிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் எனக்கு நேராக வந்து நின்று, எனக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“ஏம்புள்ள, அவ என்ன கேட்டான்னு தெரியுமா? அத்த ஊட்டுலயே இருந்துக்கறேன், கனிஷ்கா கூடவே இஸ்கூலுக்குப் போறேன்னா. நீ சரின்னு சொல்லிப்போட்ட.”

“ஐயோ, நான் சொல்லல! எனக்குக் கேக்கல சாமி, எனக்குக் காது கேக்காதுடி!”

அத்தனை வருடம் மூடி வைத்ததை நடு வீட்டில் நின்று கத்தினேன். இலக்கியா மிரண்டு போய் வெண்ணிலாவிடம் ஓடினாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அத்தையின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். முதுகு அதிர்ந்ததால்தான் பேசுகிறாள் என்றே எனக்குத் தெரிந்தது. வெண்ணிலா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். தமிழரசு தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறாள் என் மகள்.

“என்ன சொன்னா? யாராவது சொல்லுங்களேன்!” என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர் வாயும் அசையவில்லை.

நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இளம்பிள்ளைக்குத் திரும்பினோம். அவள் என்ன சொன்னாள் என்று பைக்கில் வழிநெடுக அவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.